வேர்டா, டிடிபியா? படம் நகர்ந்தால் பக்கமே ஓடும் சிக்கல்

கேள்வி: எங்கள் வாசகர் வட்டத்துக்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை 16 பக்க இதழ் ஒன்றை வேர்டில் தயாரிக்கிறேன். இரண்டு பத்தி அமைப்பு, நிறைய படங்கள். ஒரு படத்தைக் கொஞ்சம் நகர்த்தினாலும் அதற்குப் பிந்தைய பக்கங்கள் எல்லாம் கலைந்துவிடுகின்றன. அச்சகத்தில் “பிளீட் வைத்து, சிஎம்ஒய்கே-யில் பிடிஎஃப் கொடுங்கள்” என்கிறார்கள். வேர்டைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு (டிடிபி) மென்பொருளைக் கற்றுக்கொள்ளச் சொல்கிறார் நண்பர் ஒருவர். இதற்கிடையில் இன்னொரு வேலையும் வந்திருக்கிறது. வட்டத்தின் மூத்த உறுப்பினர் ஒருவருடைய கட்டுரைகளைப் புத்தகமாக்க வேண்டும். 200 பக்கம் வரலாம், அடிக்குறிப்புகள் ஏராளம். இரண்டுக்கும் ஒரே மென்பொருள் போதுமா? கடைசி இதழின் ஃபைலை இணைத்திருக்கிறேன்.

பதில்:

வணக்கம். உங்கள் ஃபைலைத் திறந்ததும் வேர்டின் மேல்பட்டையில் இருக்கும் ¶ பொத்தானைத்தான் முதலில் அழுத்தினேன். கண்ணுக்குத் தெரியாமல் இருந்த குறிகள் எல்லாம் வெளியே வந்தன. 4ஆம் பக்கக் கட்டுரை முடிந்த இடத்திலிருந்து அடுத்த பக்கம் தொடங்கும் வரை வரிசையாக 14 என்டர். ஒரு தலைப்பை நடுவுக்குக் கொண்டுவர ஸ்பேஸ் பாரில் 22 தட்டு. 7ஆம் பக்கத்து விழாப் படத்தைச் சொடுக்கினால், அதன் நங்கூரக் குறி அந்தப் பக்கத்தின் முதல் பாராவில் மாட்டியிருக்கிறது. சோதனைக்காக 6ஆம் பக்கத்தில் மூன்று வரியை அழித்துப் பார்த்தேன். அந்த முதல் பாரா மேலே ஏறி 6ஆம் பக்கத்துக்குப் போனது. படமும் அதன் கையைப் பிடித்துக்கொண்டு போய் அங்கிருந்த கவிதையின் மேல் உட்கார்ந்துகொண்டது.

இதில் உங்கள் தவறு பாதி, வேர்டின் இயல்பு பாதி. தவறைத் திருத்திக்கொள்ளலாம். இயல்பைப் புரிந்துகொண்டால்தான் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்கும்.

வேர்டு, லிப்ரெஆபிஸ் ரைட்டர் எல்லாம் தட்டச்சு இயந்திரத்தின் வாரிசுகள். முதல் எழுத்தில் தொடங்கிக் கடைசிப் புள்ளி வரை ஒரே ஓட்டம். இலக்கணக்காரர்கள் சொல்லும் ஆற்றொழுக்குதான். அங்கே பக்கம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஓடுகிற எழுத்து தாளின் அடியைத் தொட்டதும் அடுத்த தாள் தானாக முளைக்கிறது. மேலே ஒரு வரியைக் கூட்டினால் கீழே எல்லாமே ஒரு வரி இறங்கத்தான் செய்யும். அது கோளாறு கிடையாது, அதற்காகவே செய்யப்பட்டது.

டிடிபி வேறு வம்சம். கணினி வருவதற்கு முன் பத்திரிகை அலுவலகங்களில் ஒட்டும் மேஜை ஒன்று இருக்கும். கோத்து வந்த எழுத்தைப் பட்டை பட்டையாக வெட்டி, படத்துக்கு இடம் விட்டு, பசை தடவிப் பக்கத்தின் மேல் ஒட்டுவார்கள். அந்த மேஜையைத் திரைக்குள் கொண்டுவந்ததுதான் 1985இல் ஆல்டஸ் நிறுவனம் வெளியிட்ட பேஜ்மேக்கர். ‘டெஸ்க்டாப் பப்ளிஷிங்’ (சுருக்கமாக டிடிபி) என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அதன் நிறுவனர் பால் பிரெய்னர்டு. அவரும் பத்திரிகை உலகத்திலிருந்து வந்தவர்தான். இன்றைக்கும் இன்டிசைனைத் திறந்தால் பக்கத்தைச் சுற்றிக் காலியிடம் தெரியும். அதன் பெயர் பேஸ்ட்போர்டு. எங்கே வைப்பது என்று முடிவாகாத படத்தையும் துணுக்கையும் அதில் கிடத்தி வைக்கலாம், பழைய மேஜை ஓரத்தைப் போலவே.

ஆகவே அங்கே பக்கம்தான் முதலில். வெற்றுப் பக்கத்தில் பெட்டிகள் போடுகிறீர்கள், எழுத்தை அந்தப் பெட்டிக்குள் ஊற்றுகிறீர்கள். நிரம்பிவிட்டால் பெட்டியின் ஓரத்தில் சிவப்பாக ஒரு கூட்டல் குறி தெரியும், மிச்சம் உள்ளே காத்திருக்கும். வழிந்துபோய் அடுத்த கட்டுரையைத் தள்ளாது. 3ஆம் பக்கப் பெட்டியை 12ஆம் பக்கப் பெட்டியோடு கோத்துவிட்டால் கட்டுரை தவளைப் பாய்ச்சலாக அங்கே போய்த் தொடரும். நடுவில் உள்ள எட்டுப் பக்கங்களில் நீங்கள் என்ன செய்தாலும் அதற்குத் தெரியாது.

இப்போது உங்கள் இரண்டு வேலைகளையும் பார்ப்போம்.

இதழ் 16 பக்கம். நடுவில் பின் அடித்துத் தைக்கிறீர்கள் என்றால் பக்கம் நான்கின் மடங்காகத்தான் இருக்க முடியும். 17ஆவது பக்கம் என்று ஒன்று வந்தால் 20க்குப் போக வேண்டும், அல்லது எதையாவது வெட்ட வேண்டும். அட்டை, உள்ளடக்கம், நடுப்பக்கப் படங்கள், கடைசிப் பக்க அறிவிப்பு எல்லாவற்றுக்கும் இடம் முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது. கட்டுரை நீளம் என்றால் குறைக்கிறீர்கள், குட்டை என்றால் படத்தைப் பெரிதாக்குகிறீர்கள். பக்கம் கட்டளையிடுகிறது, எழுத்து அடங்கிப் போகிறது. இது டிடிபி வேலை. இத்தனை இதழ்களை வேர்டில் கொண்டுவந்ததே உங்கள் பொறுமைக்குச் சான்று.

புத்தகம் நேர் எதிர். கட்டுரை எவ்வளவு நீளமோ அவ்வளவு பக்கம். 196இல் முடிந்தாலும் 211இல் முடிந்தாலும் யாரும் வருந்தப் போவதில்லை. ஆனால் அடிக்குறிப்பு 47க்கும் 48க்கும் நடுவில் ஒன்றைச் செருகினால் மீதி எல்லாம் தானாக எண் மாற வேண்டும். உள்ளடக்கப் பக்கம் தானாகத் திருந்த வேண்டும். ஆசிரியர் செய்த திருத்தம் எது, நீங்கள் செய்தது எது என்று தெரிய வேண்டும். இதிலெல்லாம் வேர்டு கெட்டிக்காரன். இன்டிசைனிலும் அடிக்குறிப்பு உண்டு, திருத்தங்களைக் காட்டும் வசதியும் உண்டு. ஆனால் நாலு பேர் கை மாறி எழுதித் திருத்துகிற மேஜை அதுவல்ல.

அப்படியானால் இதழுக்கு டிடிபி, புத்தகத்துக்கு வேர்டு என்று முடித்துவிடலாமா? முடித்துவிடலாம்தான். ஆனால் எந்த மென்பொருள் என்பதைவிட, எந்தக் கட்டத்தில் எழுத்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது என்பதில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். நானும் சறுக்கியவன்தான்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ஆண்டு மலர் செய்தேன். அவசரம் என்று சொல்லி, கட்டுரைகள் வர வரப் பக்கம் கட்டிக்கொண்டே போனேன். மெய்ப்புப் பார்த்தவர்கள் தாளில் திருத்தினார்கள், நான் நேராகப் பக்கத்தில் திருத்தினேன். ஒருவர் ஒரு பாராவை எடுக்கச் சொல்வார், எடுத்துவிட்டு விழுந்த இடைவெளியில் துணுக்கு வைப்பேன். மறுநாள் இன்னொருவர் அந்தப் பாரா வேண்டும் என்பார். மலர் எப்படியோ வெளிவந்தது. ஒன்றரை ஆண்டு கழித்து, அதில் இருந்த ஒரு நீண்ட கட்டுரையைத் தனி நூலாக்கக் கேட்டார்கள். என்னிடம் இருந்த வேர்டு ஃபைலில் திருத்தம் ஒன்றுகூட இல்லை. திருத்தங்கள் எல்லாம் பக்கத்துக்குள் இருந்தன, அதுவும் ஆறு பெட்டிகளில் துண்டு துண்டாக. வரிக்கு வரி மறுபடியும் ஒப்பிட்டுப் பார்த்ததில் மூன்று நாள் போனது.

அன்றிலிருந்து ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். எழுதுவது, வெட்டுவது, ஒட்டுவது, ஆசிரியரிடம் காட்டி ஒப்புதல் வாங்குவது எல்லாம் வேர்டில். “இனி வாக்கியத்தைத் தொட மாட்டோம்” என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகு அந்த ஃபைலுக்கு ‘இறுதி’ என்று பெயர் வைத்து, அதைத்தான் பக்கத்துக்குக் கொண்டுபோவேன். அதற்குப் பிறகு எழுத்துப்பிழை அகப்பட்டால் இரண்டு இடத்திலும் திருத்துவேன். அலுப்பான வேலைதான், ஆனால் அந்த மூன்று நாளோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. (‘இறுதி2’, ‘இறுதி_புதியது’, ‘இறுதியிலும் இறுதி’ என்றெல்லாம் ஃபைல்கள் பெருகும். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.)

நீங்கள் இன்டிசைனுக்குப் போனாலும் வேர்டைத் தூக்கிப் போடக் கூடாது என்று சொல்வது இதனால்தான். சொல்லப்போனால் அப்போதுதான் வேர்டை ஒழுங்காகப் பயன்படுத்தத் தொடங்குவீர்கள். ஒழுங்கு என்றால் ஸ்டைல். தலைப்பைப் பெரிதாக்கித் தடிமனாக்குவதற்குப் பதில் ‘ஹெடிங் 1’ என்ற ஸ்டைலைக் கொடுங்கள். உட்தலைப்புக்கு ‘ஹெடிங் 2’, மேற்கோளுக்கு ஒன்று, சாதாரணப் பாராவுக்கு ஒன்று. இப்படிப் பெயரிட்டுவிட்டால் இன்டிசைனில் வேர்டு ஃபைலை உள்ளே எடுக்கும்போதே, இந்த ஸ்டைல் வந்தால் என்னுடைய இந்த ஸ்டைலாக மாற்று என்று சொல்லிவிடலாம். 200 பக்கத்துக்கும் உடை மாற்றம் ஒரே நேரத்தில் நடக்கும். என்டரும் ஸ்பேஸுமாகத் தட்டி அமைத்த ஃபைல் என்றால் அந்த 14 என்டரும் அப்படியே உள்ளே வந்து நிற்கும்.

புத்தகத்தை முழுக்க வேர்டிலேயே முடிக்க எண்ணினால், தாளின் அளவை முதல் நாளே மாற்றிவிடுங்கள். ஏ4இல் தட்டச்சு செய்துவிட்டு கடைசியில் ஏ5 ஆக்கினால் அட்டவணைகள் எல்லாம் உதை வாங்கும். மார்ஜினில் ‘மிரர்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டிலும் தையல் ஓரம் உள்பக்கமாக அமையும். ஒவ்வொரு கட்டுரையும் புதுப் பக்கத்தில் தொடங்க வேண்டுமா? என்டரை விட்டுவிடுங்கள். தலைப்பு ஸ்டைலிலேயே ‘பேஜ் பிரேக் பிஃபோர்’ என்பதை டிக் செய்தால் போதும்.

வேர்டில் ஒரே ஒரு குறை கண்ணில் படும். இரண்டு ஓரமும் நேராக வரும்படி வரியை நிரப்பும்போது வேர்டு ஒவ்வொரு வரியாகத்தான் யோசிக்கிறது. இந்த வரியில் இந்தச் சொல் கொள்ளவில்லையா, கீழே தள்ளு, மிச்ச இடத்தைச் சொற்களுக்கு நடுவில் பிரித்துவிடு. தமிழில் ‘கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்று ஒரு சொல் கீழே இறங்கினால் மேல் வரியில் பல் விழுந்தது போல் ஓட்டைகள். இன்டிசைனின் பாரா கம்போசர் முழுப் பாராவையும் ஒருசேரப் பார்த்து, எங்கெங்கே வரியை முறித்தால் மொத்தத்தில் இடைவெளி சீராக வரும் என்று கணக்குப் போடுகிறது. கணினி அறிஞர்கள் டொனால்டு நூத்தும் மைக்கேல் பிளாஸும் 1981இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இந்த வழிமுறையை விரித்து எழுதினார்கள். நூத் உருவாக்கிய டெக் (TeX) என்ற அச்சுக்கோப்பு மென்பொருள் வரி முறிப்பது அப்படித்தான். கட்டுரை நூல் என்றால் பரவாயில்லை என்று விட்டுவிடலாம், அல்லது வலது ஓரத்தை நேராக்காமல் அப்படியே விடலாம். குறுகிய இரண்டு பத்தி இதழில் விட முடியாது. உங்கள் 10ஆம் பக்கத்தில் ஒரு வரியில் இரண்டே சொற்கள், நடுவில் ஒரு மைதானம்.

தமிழ் என்றதும் இன்னொன்று. எந்த டிடிபி மென்பொருளையும் முடிவு செய்வதற்கு முன் ‘கொக்கு’, ‘கைபேசி’, ‘பௌர்ணமி’, ‘ஸ்ரீ’ என்று நான்கு சொற்களை அதில் ஒட்டிப் பாருங்கள். யூனிகோடில் ‘கெ’ என்பது க-வுக்குப் பின்னால் கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் பொறுப்பு. அது தெரியாத மென்பொருளில் கொம்பு பின்னால் தொங்கும், ஒகர உயிர்மெய் இரண்டாகக் கிழியும், புள்ளி வைத்த வட்டங்கள் முளைக்கும். எழுத்துரு கெட்டுவிட்டது என்று நினைத்து ஃபான்ட் மேல் ஃபான்ட்டாக மாற்றிக்கொண்டிருப்போம். இன்டிசைனிலும் வழக்கமான கம்போசரில் இது நடக்கும். பாரா ஸ்டைலின் ‘ஜஸ்டிஃபிகேஷன்’ பகுதியில் ‘அடோபி வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் தன் இடத்துக்கு வந்துவிடும். இலவசமாகக் கிடைக்கும் டிடிபி மென்பொருளான ஸ்கிரைபஸின் பழைய 1.4 பதிப்பில் தமிழ் சரியாக வராது. 2024இல் வந்த 1.6 வரிசையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பேஜ்மேக்கர் போதும் என்று யாராவது சொன்னால் புன்னகையோடு விலகிவிடுங்கள். 2001இல் வந்த 7ஆம் பதிப்போடு அது நின்றுவிட்டது, யூனிகோடும் தெரியாது. பழைய குறியேற்ற எழுத்துருவில் தட்டச்சு செய்தால்தான் தமிழ் வரும். அந்த எழுத்தை வேறெங்கே ஒட்டினாலும் கிறுக்கலாகத் தெரியும். மைக்ரோசாஃப்ட் பப்ளிஷரை இனிமேல் புதிதாகக் கற்பதும் வீண், 2026 அக்டோபரோடு அதற்கான ஆதரவை முடிப்பதாக மைக்ரோசாஃப்டே அறிவித்துவிட்டது.

அச்சகம் கேட்டதற்கு வருகிறேன். பிளீட் என்பது, பக்க ஓரம் வரை போகும் படத்தையோ நிறத்தையோ வெட்டுக்கோட்டைத் தாண்டி வழக்கமாக 3 மில்லிமீட்டர் நீட்டி வைப்பது. வெட்டும் கத்தி அரை மில்லிமீட்டர் தப்பினாலும் வெள்ளைக் கோடு தெரியாமல் இருக்க அந்த ஏற்பாடு. வேர்டில் இதற்கென்று வசதி கிடையாது. தாளைப் பெரிதாக்கி ஏமாற்றலாம், அச்சகத்தாரின் முகம் வாடும். நிறமும் அப்படித்தான். வேர்டு திரைக்கான ஆர்ஜிபி நிற முறையில் இயங்குவது, அச்சு நான்கு மைகளால் நடப்பது, அதுதான் சிஎம்ஒய்கே. பளீரென்ற நீலத் தலைப்பு அச்சில் மங்கி வந்தால் அது அச்சகத்தின் குற்றமாக இருக்காது. உங்கள் புத்தகத்தின் உள்பக்கங்கள் கறுப்பு ஒன்றே என்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை. எழுத்துருக்கள் உள்ளே பதிந்த பிடிஎஃப் கொடுத்தால் வேலை நடக்கும். அட்டையை மட்டும் டிடிபியில் தனியாகச் செய்யுங்கள்.

எந்த டிடிபி மென்பொருள்? அச்சகத்தோடும் மற்ற வடிவமைப்பாளர்களோடும் மூல ஃபைலைப் பரிமாற வேண்டும் என்றால் இன்டிசைன். ஆனால் அது சந்தா முறையில் ஓடுவது. சந்தாவை நிறுத்தினால் பழைய இதழ்களைத் திறக்க வழியிருக்காது, அதனால் ஒவ்வொரு இதழையும் முடித்ததும் பிடிஎஃப் ஆகவும் ஐடிஎம்எல் (இன்டிசைனின் பரிமாற்ற வடிவம்) ஆகவும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 16 பக்கம், பிடிஎஃப் மட்டும் கொடுத்தால் போதும் என்ற உங்கள் நிலையில், நான் முதலில் ஸ்கிரைபஸைத்தான் போட்டுப் பார்ப்பேன். முகம் கொஞ்சம் கரடுமுரடு, சில வேலைகளுக்கு ஒரு சொடுக்குக்குப் பதில் நான்கு சொடுக்கு. ஆனால் பிளீட், சிஎம்ஒய்கே, எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான அச்சாக இருக்கும் மாஸ்டர் பக்கம் எல்லாம் இருக்கின்றன. அது சரிப்படாவிட்டால் ஒரு மாதச் சந்தா கட்டி இன்டிசைனில் ஒரு இதழ் செய்து பாருங்கள். நண்பர் சொன்னதற்காக ஓராண்டுச் சந்தாவில் இறங்க வேண்டாம்.

முழு இதழையும் ஒரேயடியாக மாற்ற முயலாதீர்கள். அடுத்த இதழை வழக்கம்போல் வேர்டிலேயே கொண்டுவந்துவிட்டு, அதே இதழின் நடு நான்கு பக்கங்களை மட்டும் ஓய்வாக டிடிபியில் கட்டிப் பாருங்கள். பத்திகளையும் பக்க எண்ணையும் மாஸ்டர் பக்கத்தில் ஒருமுறை அமைத்துவிட்டால் அதற்கடுத்த இதழ்களுக்கும் அதுவே அச்சு.

படங்களைப் பற்றி ஒன்று. வேர்டு ஃபைலைச் சேமிக்கும்போது, நீங்கள் வேறு மாதிரி சொல்லாவிட்டால் படங்களை 220 பிபிஐ-க்கு (அங்குலத்துக்கு 220 பிக்சல்) சுருக்கிவிடும். அதனால் வேர்டுக்குள் இருக்கும் படத்தை டிடிபிக்குக் கொண்டுபோகாதீர்கள், மூலப் படத்தைத் தனி ஃபோல்டரில் வைத்திருங்கள். ஏற்கெனவே தொலைத்துவிட்டீர்கள் என்றால், டாக்எக்ஸ் ஃபைலின் பிரதி ஒன்றை எடுத்து அதன் வால்பெயரை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். ‘வேர்டு’ ஃபோல்டருக்குள் ‘மீடியா’ என்று ஒன்று இருக்கும், படங்கள் எல்லாம் அதில் கிடக்கும். உங்கள் ஃபைலையும் அப்படித் திறந்து பார்த்தேன். 7ஆம் பக்கத்து விழாப் படம் 640 பிக்சல் அகலம்தான். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 என்று கணக்கு வைத்தால் அது இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேல் வரைதான் தாங்கும், நீங்கள் ஐந்து அங்குலத்துக்கு இழுத்திருக்கிறீர்கள். எடுத்தவரிடம் மூலப் படத்தைக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் போட்டோவாக வேண்டாம், டாக்குமென்டாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள்.